நீரில்லாக் கூலன்ட் ஊற்றினால் லோடர் இன்ஜின் சூடேறுவது நிற்குமா?

குவாரி லோடர்

வணக்கம். கல் குவாரியில் நாள் முழுவதும் ஓடும் வீல் லோடர் ஒன்றைப் பற்றி உங்கள் கருத்து தேவைப்படுகிறது. ஆறு சிலிண்டர் டர்போ டீசல் இன்ஜின், டார்க் கன்வர்ட்டர் (இன்ஜின் திறனைத் திரவத்தின் வழியே கடத்தும் பாகம்) வைத்த கியர்பாக்ஸ், ரேடியேட்டரில் எத்திலீன் கிளைகாலும் சுத்திகரித்த நீரும் சரிபாதியாகக் கலந்த கூலன்ட். காலையில் எந்தத் தொல்லையும் இல்லை. வெயில் ஏறிய பிறகு, பக்கெட் நிறையக் கல்லோடு சரிவுப்பாதையில் தொடர்ந்து ஏறும்போது வெப்பமானி முள் மெல்ல மெல்லச் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது; எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் இன்ஜின் தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்கிறது. ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தால், அணைத்த சில நிமிடங்களில் உபரித் தொட்டி குமுறிக் கூலன்ட் வெளியே வழிகிறது. ஓடும்போது வழியாமல் நின்ற பிறகு மட்டும் ஏன் வழிகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

தெர்மோஸ்டாட்டை மாற்றியாயிற்று. ரேடியேட்டர் மூடியும் புதிது. ரேடியேட்டரைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்தோம். பயன் சிறிதுதான். இந்நிலையில் உதிரிபாகம் விற்கும் ஒருவர், நீரே கலவாத கூலன்டுக்கு மாறிவிடுங்கள் என்கிறார். அது 190 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, அழுத்தம் ஏறாது, துரு பிடிக்காது, இன்ஜினின் ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம் என்று அடுக்குகிறார். விலையோ வழக்கமான கூலன்டைவிடப் பல மடங்கு. செலவழிக்கத் தயக்கமில்லை, ஆனால் செலவழித்தால் முள் கீழே இறங்க வேண்டும். இறங்குமா? மாற்றுவதென்றால் எப்படி மாற்றுவது? இதில் மறைந்திருக்கும் ஆபத்து ஏதேனும் உண்டா?

வெப்பக்கணக்கு

உங்கள் முதல் கேள்விக்கு நேரான பதில்: முள் இறங்காது, சில டிகிரி ஏறவே வாய்ப்பு அதிகம். விற்பவர் சொன்ன 190 டிகிரி பொய்யன்று. தூய எத்திலீன் கிளைகால் 197 டிகிரியிலும் புரோப்பிலீன் கிளைகால் 188 டிகிரியிலும் கொதிக்கும். நீரில்லாக் கூலன்ட் என்ற பெயரில் விற்பவை இவற்றில் ஒன்றையோ இரண்டின் கலவையையோ அடிப்படையாகக் கொண்டு, அரிப்புத் தடுப்பான்கள் சேர்த்துத் தயாரிக்கப்படுபவை. ஆனால் ஒரு திரவம் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதைத்தான் கொதிநிலை சொல்கிறது. எவ்வளவு சூட்டை அள்ளிக்கொண்டு போகும் என்பதைச் சொல்வதில்லை. சிவப்புக் கோட்டை நோக்கி ஏறும் முள்ளுக்கு மருந்து இரண்டாவதில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் இன்ஜின் முழுச் சுமையில் 60 கிலோவாட் வெப்பத்தைக் கூலன்டில் இறக்குகிறது என்றும், வாட்டர் பம்ப் நொடிக்கு 2 லிட்டரைச் சுற்றுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 90 டிகிரியை ஒட்டிய சூட்டில், ஒரு லிட்டர் வெறும் நீர் ஒரு டிகிரி சூடேற ஏறத்தாழ 4.1 கிலோஜூல் வெப்பத்தை உள்வாங்கும். சரிபாதிக் கலவை ஏறத்தாழ 3.7 கிலோஜூல், தூய எத்திலீன் கிளைகால் ஏறத்தாழ 2.9 கிலோஜூல். அதே 60 கிலோவாட்டைச் சுமந்து இன்ஜினை விட்டு வெளியேறும்போது நீர் 7.3 டிகிரியும், கலவை 8.1 டிகிரியும், கிளைகால் 10.3 டிகிரியும் சூடேறியிருக்கும். ரேடியேட்டர் காற்றுக்குக் கொடுக்கும் வெப்பம் கூலன்டின் சராசரிச் சூட்டைப் பொறுத்தது என்பதால், இந்த வேறுபாட்டில் பாதிதான் மேல் ஹோஸில் கூடுதலாகத் தெரியும். அதாவது ஒரு டிகிரியை ஒட்டி. அதோடு நின்றால் பொருட்படுத்த வேண்டியதே இல்லை.

அதோடு நிற்பதில்லை. 90 டிகிரியில்கூடக் கிளைகாலின் பாகுத்தன்மை நீரைப்போல ஏழெட்டு மடங்கு. வெப்பக் கடத்துதிறனோ நீரின் 0.67 என்ற அளவுக்கு எதிரே 0.26 மட்டுமே. பாகுத்தன்மை கூடினால் ரேடியேட்டரின் குறுகிய குழாய்களில் ஓட்டம் கொந்தளிப்பின்றி வழவழவென்று நழுவிப்போகும். சுவரை ஒட்டிய படலம் தடிக்கும். உலோகத்திலிருந்து திரவத்துக்கும் திரவத்திலிருந்து உலோகத்துக்கும் வெப்பம் தாவுவது இரண்டு முனைகளிலும் தளர்ந்துவிடும். எத்தனை டிகிரி ஏறும் என்பது ரேடியேட்டரின் குழாய் அமைப்பையும் பம்பின் திறனையும் பொறுத்து வேறுபடும். ஏறும் திசையில் மட்டும் ஐயமில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: முள் காட்டுவது திரவத்தின் சூட்டை. அதே அளவு வெப்பத்தை மோசமான கடத்தியின் வழியே வெளியேற்ற, சிலிண்டர் ஹெட்டின் உலோகம் திரவத்தைவிட இன்னும் கூடுதலான சூட்டில் இருந்தாக வேண்டும். அது எந்த முள்ளிலும் தெரியாது.

இனி, நின்ற பிறகு ஏன் வழிகிறது என்ற கேள்வி. இன்ஜின் அணைந்த கணத்தில் பம்பும் நிற்கிறது, விசிறியும் நிற்கிறது. ஆனால் எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுற்றியுள்ள வார்ப்பிரும்பில் தேங்கிய வெப்பம் நிற்காது. அருகில் அசையாமல் கிடக்கும் சிறிதளவு கூலன்டுக்குள் அது இறங்குகிறது. சரிபாதிக் கலவை திறந்த நிலையில் 107 டிகிரி அளவில் கொதிக்கும். ஒரு பார் அழுத்தம் தாங்கும் மூடி சரியாக இருந்தால் கொதிநிலை 129 டிகிரி வரை உயரும். உங்கள் கூலன்ட் 100 டிகிரிக்கு மேல் ஏறிய நிலையில் இன்ஜினை அணைக்கிறீர்கள் என்றால், கொதிநிலையைத் தொட ஹெட்டுக்கு அதிக நேரம் வேண்டியதில்லை. உருவான நீராவி எஞ்சிய கூலன்டைத் தள்ளுகிறது, உபரித் தொட்டி வழிகிறது. இந்த ஒரு தொல்லையை நீரில்லாக் கூலன்ட் மெய்யாகவே தீர்க்கும். ஆனால் இது விளைவு; காரணம் அதற்கு முன்பே, சரிவுப்பாதையில் ஏறும்போதே தொடங்கிவிடுகிறது.

எனவே எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். முள் மேலே நிற்கும் நேரத்தில், முழுச் சுமை கழிந்த உடனே, இன்ஜினை அணைக்காமல், அகச்சிவப்பு வெப்பமானியால் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் பொருந்தும் இடத்தையும் கீழ் ஹோஸ் பொருந்தும் இடத்தையும் அளந்து எழுதுங்கள். பளபளக்கும் உலோகத்தில் இக்கருவி தவறாகக் காட்டும் என்பதால், அளக்கும் இடத்தில் கறுப்பு நாடாவை ஒட்டிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே 15 டிகிரிக்கு மேல் இடைவெளி இருந்தால் கூலன்ட் போதிய வேகத்தில் சுற்றவில்லை என்று பொருள். பம்ப், தெர்மோஸ்டாட், அடைத்த குழாய்கள் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். இடைவெளி ஆறேழு டிகிரியாக இருந்து இரண்டுமே உயரத்தில் நின்றால், கூலன்ட் தன் வேலையைச் செய்கிறது, காற்று செய்யவில்லை.

ரேடியேட்டர் மேஸ்திரி

மேலே எழுதியவரின் கணக்கோடு உடன்படுகிறேன். என் பங்குக்குக் கை வைத்துப் பார்க்க வேண்டிய இடங்களைச் சொல்கிறேன்.

கம்ப்ரஸர் காற்றால் ஊதினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பக்கத்திலிருந்து ஊதினீர்கள்? காற்று எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வருகிறதோ அந்தப் பக்கம் நின்று ஊதினால், தூசியை இன்னும் ஆழமாகத் திணிப்பதுதான் நடக்கும். காற்று வெளியேறும் பக்கத்திலிருந்து, வந்த வழியே திருப்பித் தள்ள வேண்டும். மேலும், லோடர்களில் ரேடியேட்டர் தனியாக நிற்பதில்லை. டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் கூலர், ஹைட்ராலிக் ஆயில் கூலர், ஓட்டுநர் அறையின் ஏசி கண்டென்சர் என்று ஒன்றன் முன் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள். முன்னால் நின்று பார்த்தால் முதல் அடுக்கு பளிச்சென்று இருக்கும். இரண்டு அடுக்குகளுக்கு இடையே உள்ள விரற்கடை இடைவெளியில்தான் ஆபத்து குடியிருக்கிறது. ஹைட்ராலிக் ஹோஸில் சிறு கசிவு இருந்தால் போதும். எண்ணெய்ப் பிசுக்கில் கல்தூள் ஒட்டி, கம்பளித் துணிபோல ஒரு படலம் ரேடியேட்டரின் முகம் முழுக்கப் படிந்துவிடும். அதைக் காற்றால் ஊதி எடுக்க முடியாது. போல்ட்டுகளைக் கழற்றிக் கூலர்களைப் பிரித்து, எண்ணெய் கரைக்கும் சோப்புக் கரைசலைத் தெளித்து ஊறவிட்டு, குறைந்த அழுத்தத்தில் நீரால் கழுவ வேண்டும். உயர் அழுத்தக் கழுவு கருவியைச் சாய்வாகப் பிடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகட்டுத் துடுப்புகள் மடிந்து வழியை அடைத்துவிடும். பிடித்தாக வேண்டுமென்றால் தள்ளி நின்று செங்குத்தாகப் பிடியுங்கள்.

சுத்தமாயிற்றா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. இருட்டிய பிறகு ஒருவர் விசிறிப் பக்கம் நின்று டார்ச் அடிக்கட்டும். மறுபக்கம் நிற்பவருக்கு ஒளி சீராகத் தெரிய வேண்டும். எங்கே கறுத்துத் தெரிகிறதோ அங்கே காற்றுப் போகவில்லை.

இதோடு விசிறியையும் பாருங்கள். பெல்ட்டில் ஓடும் விசிறியென்றால் பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல மின்னுகின்றனவா, புல்லியின் பள்ளத்தில் பெல்ட் அடிவரை இறங்கி உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். ஹைட்ராலிக் மோட்டாரில் ஓடும் விசிறியென்றால் சூடான நிலையில் அதன் சுழற்சி வேகத்தை அளந்து, கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். விசிறியைச் சுற்றியுள்ள தகட்டுக் கூண்டு விரிசல் விட்டிருந்தாலோ, ரேடியேட்டரின் ஓரங்களில் வைத்த ரப்பர் பட்டை உதிர்ந்திருந்தாலோ, வெளியே தள்ளிய சூடான காற்றே சுற்றிவந்து மீண்டும் உள்ளே நுழையும். கீழ் ஹோஸையும் மறக்காதீர்கள். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. உள்ளே இருக்கும் சுருள் கம்பி துருப்பிடித்துப் போயிருந்தால், இன்ஜினை வேகமாக ஓட்டும்போது ஹோஸ் தட்டையாகச் சப்பிக்கொள்ளும். வேகம் குறைந்தவுடன் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். நிற்கும் வண்டியில் அதை எவராலும் கண்டுபிடிக்க இயலாது.

சரிவில் ஏறுவதைப் பற்றியும் ஒரு சொல். டார்க் கன்வர்ட்டர் வழுக்கும் ஒவ்வொரு நொடியும் இன்ஜின் கொடுக்கும் திறன் சக்கரத்துக்குப் போகாமல் கியர்பாக்ஸ் ஆயிலில் சூடாக மாறுகிறது. பல லோடர்களில் அந்த ஆயிலைக் குளிர்விப்பதும் இதே இன்ஜின் கூலன்டுதான். உயர்ந்த கியரில் முனகிக்கொண்டு ஏறும் ஓட்டுநர் ரேடியேட்டரின் மேல் இரண்டு சுமைகளை ஏற்றுகிறார். கியரை ஒன்று குறைத்து, இன்ஜின் வேகத்தைக் கூட்டி ஏறினால் வழுக்கல் குறையும், விசிறியும் பம்பும் வேகமாகச் சுற்றும். கருவி எதுவும் வாங்காமலே சில டிகிரி குறைவதைப் பல இயந்திரங்களில் பார்த்திருக்கிறேன்.

குவாரி லோடர்

இருவருக்கும் நன்றி. சொன்னபடி அளந்தோம். சரிவின் உச்சியில் மேல் ஹோஸ் 104 டிகிரி, கீழ் ஹோஸ் 97 டிகிரி. இடைவெளி ஏழுதான். கூலர்களைப் பிரித்துப் பார்த்தபோது, டர்போ காற்றுக் கூலருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் மேஸ்திரி எழுதிய அதே படலம், கீழ்ப்பாதி முழுக்க, விரலால் உரித்தெடுக்கும் அளவுக்குத் தடிப்பாக இருந்தது. பக்கெட் சாய்க்கும் சிலிண்டருக்குப் போகும் ஹோஸின் இணைப்பொன்று கசிந்துகொண்டிருந்தது, அதையும் மாற்றினோம். கழுவிப் பொருத்திய பின், அதே வெயிலில் அதே சரிவில் மேல் ஹோஸ் 94 டிகிரிக்கு மேல் போகவில்லை. இழுவை குறைவதும் நின்றது.

ஆனால், வேலை முடிந்து இன்ஜினை அணைத்தால் உபரித் தொட்டி இன்னும் சிறிது குமுறுகிறது. முன்பு போல வழிவதில்லை, மட்டம் மட்டும் நாளுக்கு நாள் இறங்குகிறது. தவிர, இன்ஜினின் லைனர்கள் (பிஸ்டன் ஓடும் உருளைச் சுவர்கள்) நேரடியாகக் கூலன்டில் நிற்கும் வகை. இந்த இரண்டு காரணங்களுக்காகவாவது நீரில்லாக் கூலன்ட் பொருந்துமா என்று கேட்கத் தோன்றுகிறது. பயன்படுத்தியவர் எவரேனும் இருந்தால் எழுதுங்கள்.

லைனர் காவலர்

நீரில்லாக் கூலன்டில் ஓடும் இயந்திரங்களைப் பராமரிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். முந்தைய பதில்களில் அதன் குறைகள் சரியாகவே சொல்லப்பட்டன. நிறைகளைச் சொல்ல ஒருவர் வேண்டுமல்லவா?

கூலன்டில் நேரடியாக நிற்கும் லைனர்களின் பெரும்பகை குமிழ் அரிப்பு. ஒவ்வொரு முறை டீசல் எரியும்போதும் பிஸ்டன் லைனரின் ஒரு பக்கத்தை அறைகிறது. லைனர் மணிபோல அதிர்கிறது. சுவர் பின்வாங்கும் கணத்தில் அதை ஒட்டிய கூலன்டில் அழுத்தம் விழுந்து நுண்ணிய ஆவிக் குமிழ்கள் பிறக்கின்றன. சுவர் திரும்பி வரும்போது அவை உடைந்து நொறுங்குகின்றன. அந்த நொறுங்கலின் விசை வார்ப்பிரும்பைத் துளித் துளியாகப் பெயர்க்கிறது. முற்றிய நிலையில், லைனரைக் கழற்றி வெளிப்புறத்தைத் துடைத்துப் பார்த்தால், ஒரே பக்கத்தில் செங்குத்துக் கோடாக ஊசித்துளைகள் வரிசையாக நிற்கும். ஒரு துளை உள்வரை போய்விட்டால் கூலன்ட் இன்ஜின் ஆயிலில் கலந்துவிடும். நீர் கலந்த கூலன்டில் இதைத் தடுக்க நைட்ரைட் போன்ற சேர்மானங்களைக் குறித்த அளவில் வைத்து, சோதனைத் தாளால் அடிக்கடி சரிபார்க்க வேண்டியிருக்கிறது. கிளைகாலின் ஆவியழுத்தம் நீரைவிட மிகக் குறைவு என்பதால் குமிழ் பிறப்பதே அரிதாகிறது. என் பார்வையில் நீரில்லாக் கூலன்டின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது. 190 டிகிரி என்ற எண்ணில் இல்லை. அழுத்தம் ஏறாததால் ஹோஸ்களும் இணைப்புகளும் அதிகக் காலம் உழைக்கும் என்பது கூடுதல் நன்மை.

மாற்றுவதென்றால் அரைகுறையாகச் செய்யாதீர்கள். ரேடியேட்டரின் வடிகுழாயை மட்டும் திறந்தால் பழைய கூலன்டில் கணிசமான பகுதி இன்ஜின் பிளாக்கிலேயே தங்கிவிடும். பிளாக்கின் வடிதிருகு, ஆயில் கூலர், ஓட்டுநர் அறையின் ஹீட்டர் ஆகிய எல்லாவற்றையும் திறந்து வடித்து, குறைந்த அழுத்தக் காற்றால் ஊதி, அதன் பிறகு ஈரத்தை உறிஞ்சும் தயாரிப்புத் திரவத்தை ஊற்றித் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டி, அதையும் முழுக்க வடிக்க வேண்டும். புதிய கூலன்டை நிரப்பி ஓட்டியபின் ரிஃப்ராக்டோமீட்டரால் (ஒளி விலகலை வைத்துக் கலவையை அறியும் கருவி) சோதித்தால் நீரின் பங்கு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் சூடான இடங்களில் அந்த நீர் மட்டும் முதலில் ஆவியாகும்; கொடுத்த பணத்துக்கான பயன் அதோடு போயிற்று. பிறகு மூடியின் மேல் அழியாத எழுத்தில் "தண்ணீர் ஊற்றக் கூடாது" என்று எழுதி ஒட்டுங்கள். இரவுப் பணியில் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஊற்றும் ஒரு குடம் நீர், மாற்றிய வேலை முழுவதையும் பாழாக்கிவிடும். இயந்திரத்திலேயே ஒரு கேன் உபரிக் கூலன்ட் இருக்க வேண்டும்.

கூலன்ட் மட்டத்தை அறியும் உணரி உங்கள் லோடரில் எந்த வகை என்பதையும் பாருங்கள். மிதவை வகை என்றால் கவலையில்லை. திரவத்தின் மின்கடத்தலை வைத்து மட்டம் அறியும் வகை என்றால், கிளைகாலின் கடத்தல் குறைவு என்பதால், தொட்டி நிறைந்திருந்தாலும் காலி என்று எச்சரிக்கக்கூடும்.

நீராவிச் சங்கு

லைனர் காவலர் சொன்ன நன்மைகளை மறுக்கவில்லை. குவாரியில் ஓடும் நவீன லோடருக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பதில்தான் என் ஐயம்.

இழுவை குறைந்ததாகக் கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். அதைச் செய்தது இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினி. கூலன்ட் கொதிக்கிறதா, கொதிக்கவில்லையா என்று அது பார்ப்பதில்லை; உணரி காட்டும் சூடு குறித்த எல்லையைத் தாண்டிற்றா என்று மட்டும் பார்க்கிறது. உள்ளே இருப்பது 129 டிகிரியில் கொதிக்கும் திரவமோ 190 டிகிரியில் கொதிக்கும் திரவமோ, எல்லை ஒன்றுதான். நீரில்லாக் கூலன்ட் முள்ளைச் சில டிகிரி உயர்த்தும் என்றால், இழுவை குறைவது முன்னதாகவே தொடங்கும். கொதிநிலை உயர்ந்ததால் கிடைத்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ள இந்தக் கணினி உங்களை விடப்போவதில்லை, விடாததும் நல்லதுதான்.

ஏனென்றால், கொதிக்கவில்லை என்பதற்கும் சூடு மீறவில்லை என்பதற்கும் இடையே பெரிய தொலைவு இருக்கிறது. 120 டிகிரியில் அமைதியாகச் சுற்றும் கூலன்டைச் சுற்றியுள்ள உலோகம் அமைதியாக இருக்காது. லைனர் சுவரில் ஆயில் மெலிந்து படலம் அறுந்துவிடும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கட் தளரும். அலுமினிய ஹெட் என்றால் வளையும். கணினி இல்லாத பழைய இயந்திரங்களில் நீராவி சீறுவதே ஓட்டுநருக்குக் கிடைக்கும் கடைசி எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டு மாற்றாக எதுவும் வைக்காமல் விடுவது துணிச்சலான செயல். பழைய இயந்திரத்தில் நீரில்லாக் கூலன்ட் ஊற்றுபவர்கள், சிலிண்டர் ஹெட்டின் உலோகச் சூட்டை நேரடியாக அளந்து மணி அடிக்கும் உணரி ஒன்றையும் சேர்த்தே பொருத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூலன்ட் கசிந்து குறைந்துவிட்டால், திரவத்தில் மூழ்காத உணரி ஆவியையோ காற்றையோ அளந்து தவறான ஆறுதல் தரும். உலோகத்தில் பதித்த உணரி அப்படி ஏமாறாது.

தீயையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எத்திலீன் கிளைகாலின் ஆவி தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளத் தொடங்கும் சூடு 111 டிகிரி. நீர் கலந்த கூலன்டும், நீர் ஆவியாகிப்போன பின் எரியக்கூடியதே. ஆனால் அதில் பாதியாக உள்ள நீர் முதலில் ஆவியாகி வெப்பத்தை விழுங்குகிறது. நீரில்லாக் கூலன்டில் அந்தத் தடுப்பு இல்லை. முழுச் சுமையில் டர்போவின் எக்ஸாஸ்ட் கூடு, கிளைகால் தானாகப் பற்றிக்கொள்ளும் 400 டிகிரியைத் தாண்டிச் சூடேறும் இடம். அதன் மேலே செல்லும் கூலன்ட் ஹோஸ் ஒன்று வெடித்தால் என்னாகும் என்று ஒரு முறை பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள்.

இது புதிய விவாதமும் அன்று. ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் விமான இன்ஜினின் தொடக்க வகைகள் நூறு சதவீத கிளைகாலில்தான் ஓடின. ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் இரண்டாம் வகையில் வைத்த மெர்லின் 12 முதல், 70 சதவீத நீரும் 30 சதவீத கிளைகாலும் கலந்து அழுத்தம் ஏற்றிய முறைக்கு மாறினார்கள். இன்ஜினின் சூடு குறைந்தது. கசிவும் தீ ஆபத்தும் குறைந்தன. எடையில் ஒவ்வொரு கிராமையும் எண்ணிய பொறியாளர்கள், அழுத்தத்தைத் தாங்கும் சுமையை ஏற்றுக்கொண்டாவது நீருக்குத் திரும்பினார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

லைனர் காவலர்

மெர்லின் எடுத்துக்காட்டு சுவையானது, ஆனால் அந்த இன்ஜினின் சிக்கல் பறக்கும்போது காற்றின் தடையைக் கூட்டாத சிறிய ரேடியேட்டருக்குள் பெருந்திறனை அடக்குவது. லோடரில் ரேடியேட்டரைப் பெரிதாக்க இடமுண்டு. ரேடியேட்டர் திறன் தாராளமாக உள்ள, நாள்தோறும் கவனிக்க ஆளில்லாத, லைனர் அரிப்பால் தொல்லைப்படும் இயந்திரத்துக்கு நீரில்லாக் கூலன்ட் பொருந்தும் என்ற நிலையிலிருந்து நான் மாறவில்லை. ஜெனரேட்டர், நீர் இறைக்கும் இன்ஜின் போன்றவை அந்த வகை. உத்தரவாதக் காலத்தில் உள்ள இயந்திரத்தில் தயாரிப்பாளரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் ஊற்ற வேண்டாம் என்பதையும், உலோகத்தில் பதிக்கும் உணரி தேவை என்பதையும் முழுமனதோடு ஏற்கிறேன்.

கேள்வி கேட்டவரின் லோடரில், லைனருக்காகவென்றால் முதலில் இப்போதைய கூலன்டில் நைட்ரைட் அளவைச் சோதனைத் தாளால் பாருங்கள். நைட்ரைட் சேர்க்காத கரிம அமில வகைக் கூலன்ட் என்றால் அத்தாள் பயன்படாது. கேனில் எழுதியுள்ள வகைக்கு உரிய சோதனையைச் செய்ய வேண்டும்.

ரேடியேட்டர் மேஸ்திரி

94 டிகிரியில் ஓடிய இன்ஜின் அணைத்த பிறகும் குமுறுகிறது, மட்டமும் இறங்குகிறது என்றால், மூடி புதிதாக இருந்தாலும் அழுத்தம் நிற்கவில்லை என்றே எண்ணுகிறேன். புதிய மூடியின் மேல் பொறித்துள்ள அழுத்த எண்ணைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். கடையில் கையில் கிடைத்ததைக் கொடுத்துவிடுவது உண்டு. எண் சரியென்றால், மூடி உட்காரும் கழுத்தின் உள்விளிம்பை நகத்தால் சுற்றித் தடவிப் பாருங்கள். அரித்த பள்ளமோ, முன்பு யாரோ திருப்புளியால் சுரண்டிய கீறலோ தட்டுப்பட்டால், எந்த மூடி போட்டாலும் ரப்பர் வளையம் அங்கே பதியாது.

குளிர்ந்த இன்ஜினில் கை பம்ப் சோதனைக் கருவியைக் கழுத்தில் பொருத்தி, மூடியில் பொறித்த அழுத்தம் வரை ஏற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். முள் இறங்கி, வெளியே எங்கும் ஈரம் தெரியாவிட்டால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டில் கலக்கிறதா என்று காட்டும் நீலத் திரவச் சோதனை அதற்கு உண்டு. தொட்டியின் வாயில் வைத்து ஆவியை இழுக்கும்போது நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் ஹெட்டைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை. இந்த நிலையில் நீரில்லாக் கூலன்ட் ஊற்றினால், விலையுயர்ந்த திரவம் அதே வழியில் வெளியேறும், அவ்வளவுதான்.

எது எப்படியிருந்தாலும், ஓட்டுநரிடம் சொல்லி, அணைப்பதற்கு முன் சுமையில்லாமல் ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிடுங்கள். ஹெட்டில் தேங்கிய வெப்பத்தைப் பம்பும் விசிறியும் அதற்குள் வெளியேற்றிவிடும். டர்போவின் பேரிங்கில் ஆயில் கருகுவதும் தவிரும். மூடியின் எண்ணையும் சோதனையில் முள் எங்கே நின்றது என்பதையும் எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.

குவாரி லோடர்

கையேட்டில் ஒரு பார் என்றிருக்கிறது. கடையில் கொடுத்த மூடியில் 0.5 என்று பொறித்திருக்கிறது. கழுத்தின் விளிம்பு வழவழப்பாகவே உள்ளது. சரியான மூடி வந்தவுடன் அழுத்தச் சோதனையையும் செய்துவிடுகிறோம். நைட்ரைட் தாளும் வாங்கச் சொல்லியிருக்கிறேன். நீரில்லாக் கூலன்டை இப்போதைக்கு லோடரில் ஊற்றப்போவதில்லை. நொறுக்கி இயந்திரத்துக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரில் முயன்று பார்க்கலாமா என்று அதன் தயாரிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன்.